பெயில் போடச் சொன்ன பெடியன்

பதினேழு வயதுப் பிள்ளையைக் கார் ஓடப் பழகு என்று வற்புறுத்தலாமா கூடாதா என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். ஒருவன் எனக்குக் கீழே வேலை செய்து இப்போது ஓய்வு பெறப்போகிற தம்பி. ஓய்வூதியர் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். இருபத்தாறு வருஷம் லைசன்ஸ் சோதனை எடுத்த ஆளுக்குத் தெரியாததா என்றான். மற்றது என் மகள் சுமதி. கனடாவில் இருக்கிறாள். அவளுடைய மகன் கார் பழக மாட்டேன் என்று நிற்கிறான். நான் சொன்னால் கேட்பான் என்று அவள் நினைத்தாள்.

தம்பிக்கு வேண்டியது இளைஞரின் தன்னம்பிக்கை, பெற்றோரின் பொறுப்பு என்று நாலு பந்தி. எனக்கு அப்படி எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் மலரில் போட வேண்டாம்.

எழுதுவினைஞனாகத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு வருஷம் கோவைகளுக்குள், பைல் கட்டுகளுக்குள் கிடந்தேன். பிறகு ஒரு பரீட்சை பாஸ் பண்ணி, மூன்று மாதப் பயிற்சி முடித்து, சாரதிப் பரீட்சகர் ஆனேன். அந்த மூன்று மாதத்தில் படித்தது ஒன்றும் இன்றைக்கு ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது குணசேகர சேர்தான். எங்களுக்கு மேலே இருந்தவர். முதல் ஒரு வருஷம் அவர் சோதனை எடுக்கும் கார்களில் பின்சீட்டில் என்னை ஏற்றிக்கொண்டு திரிந்தார்.

மெலிந்த மனுசன். வெள்ளை முழுக்கைச் சட்டை, முழங்கைக்குச் சற்றுக் கீழே இரண்டு மடிப்பு. ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. சோதனைக்கு வந்தவனை ஏறி இருக்கச் சொல்லிவிட்டு, தானும் இடப்பக்கம் ஏறிக் கதவைச் சாத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருப்பார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். எஞ்சின் ஓடாது. சிலர் அந்தரப்பட்டுத் தாங்களாகவே சாவியைத் திருப்பிவிடுவார்கள். சிலர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள். சிலர் சீட்டை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் திருத்துவார்கள். கண்ணாடியைத் திருத்துகிறவன் பாதி பாஸ். முதலில் முற்றத்தில் நட்ட கம்புகளுக்கு நடுவே பின்னால் எடுக்க வேண்டும். பிறகு ரோட்டுக்குப் போய் ஒரு சுற்று. எல்லாம் முடிந்ததும் இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்துவார். பெயில் என்ற சொல் அவர் வாயால் வந்து நான் கேட்டதில்லை. "லபன பார" என்பார். அடுத்த முறை என்று சிங்களத்தில். அழுதாலும் அதுதான், பெரிய இடத்து மருமகன் என்றாலும் அதுதான்.

அவர் எனக்குச் சொன்னது இரண்டே விஷயம். சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

முதலாவது கால். கார் ஓடப் பழக்கும் லேனர்ஸ் பள்ளிகளின் கார்களில் எங்கள் பக்கத்துக்கும் ஒரு பிரேக் இருக்கும். ஆபத்தென்றால் மிதிக்கலாம், ஆனால் மிதித்தால் சோதனை அதோடு முடிந்தது. சேர் அந்தப் பெடலில் கால் வைக்க மாட்டார். அதற்குப் பக்கத்தில் தரையில் வைப்பார். பயம் வரும்போது வலது கால் தன்பாட்டில் தரையை அழுத்தும். பஸ்ஸில் முன்சீட்டில் இருந்து போனவர்களுக்கு இது தெரியும். "அந்த அழுத்தை எண்ணு மல்லி" என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. "படிவத்தில் பதினாலு பெட்டி இருக்கிறது. பதினாலிலும் நீ பொய் எழுதலாம். காலுக்குப் பொய் தெரியாது." ஒரு தரம் அழுத்தினால் பாஸ். இரண்டு தரம் என்றால் இன்னொரு சுற்று விட்டுப் பார்க்க வேண்டும். மூன்று என்றால் லபன பார.

இரண்டாவது, லைசன்ஸ் ஏன் வேண்டும் என்று ஒருவரிடமும் கேட்கக்கூடாது. கேட்டால் சொல்லுவார்கள். எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கும், எல்லாம் நல்ல காரணமாகவே இருக்கும். அதைக் கேட்ட பிறகு உனக்கு ரோட்டுத் தெரியாது, அந்தக் காரணம்தான் தெரியும் என்பார். அதனால்தான் தெரிந்தவர்களின் பிள்ளை வந்தால் படிவத்தை அடுத்த பரீட்சகரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்களுக்குள் சட்டம் மாதிரி. எந்தச் சுற்றறிக்கையிலும் அது இல்லை. ஆனால் எல்லோரும் செய்தார்கள். நானும் செய்தேன், ஒரு தரத்தைத் தவிர.

சண்டைக் காலத்தில் எங்களிடம் வந்த தமிழ்ப் பெடியன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்பில் நாங்கள் இருந்த வெள்ளவத்தையில் அப்போது வீட்டுக்கு வீடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள். மாடியில் ஒரு குடும்பம், பின் அறையில் ஒரு குடும்பம், வெளிநாட்டு விசாவுக்குப் பார்த்துக்கொண்டு லொட்ஜில் ஆறு குடும்பம். ஒழுங்கை என்கிற ஒவ்வொரு சின்னத் தெருவின் முகப்பிலும் காவலரண். வடக்கில் கொடுத்த அடையாள அட்டையில் சிங்களத்தோடு தமிழும் இருக்கும், கொழும்பில் கொடுத்ததில் சிங்களம் மட்டும். காவலுக்கு நிற்கிற ஆமிக்காரன் அதை வாசிக்கத் தேவையில்லை, தூக்கிப் பிடித்தாலே தெரியும். பதினெட்டு இருபது வயதுப் பெடியன் என்றால் ஒரு பக்கமாக நில் என்பான். பிறகு பொலிஸ். தாய் வெளியே வாங்குப் பலகையில் இருப்பாள்.

யாரோ ஒருவர் கண்டுபிடித்தார், கொழும்பு விலாசம் போட்ட லைசன்ஸை அடையாள அட்டையோடு சேர்த்து நீட்டினால் விடுகிறார்கள் என்று. உண்மையில் விட்டார்களா? சில நாள் விட்டார்கள், சில நாள் விடவில்லை. அது நிற்கிறவனுடைய பசியையும் வெயிலையும் பொறுத்தது. ஆனால் கதை பரவிவிட்டது. வெள்ளவத்தை, பாமன்கடை, கொட்டாஞ்சேனை எங்கும் தாய்மார் பெடியன்களைப் பிடித்துக்கொண்டுபோய் லேனர்ஸில் சேர்த்தார்கள். வீட்டில் சைக்கிள்கூட இராது. பெடியன் ஓடக் கேட்டிருக்க மாட்டான். ஓடுவதற்கென்று யாரும் அனுப்பவும் இல்லை. அந்த லைசன்ஸ் காட் எடுக்க அனுப்பினார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நானும் அதே பஸ்ஸில் போய் அதே காவலரணுக்கு முன்னால் இறங்கி நடந்தவன்தான். அரசாங்க உத்தியோகக் காட் இருந்தபடியால் என்னை விட்டார்கள்.

என் மகளைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் பிழை அங்கேதான் தொடங்கியது. அவளுக்குப் பதினெட்டு ஆனதும் கார் பழகு என்றேன். மாட்டேன் என்றாள். வலிய இழுத்துக்கொண்டு போனேன். காலி ஊருக்குப் போகிற பெரிய ரோட்டில், காலி வீதியில், சரியாக மார்க்கெட்டுக்கு முன்னால், கிளச்சை விட்டுக் காரை நிற்பாட்டிப்போட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதாள். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டினான். "அழுது முடிச்சிட்டு எடு" என்றேன். எடுத்தாள். தெரிந்தவர்களின் பிள்ளை என்ற சட்டப்படி அவளைக் குணசேகர சேர் சோதித்தார். இறங்கி வந்து என்னிடம் ஒரு விரலைக் காட்டினார். கால் ஒருக்காத்தான். அன்றைக்கு எனக்கு வந்த திமிர் கொஞ்சமில்லை. பிள்ளைகள் மாட்டேன் என்பார்கள், தள்ளிவிட்டால் ஓடுவார்கள், இதுதான் விஷயம் என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் மங்களம் வந்தாள். எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி, மாடியில் ஓர் அறை எடுத்து மகனோடு இருந்தவள். புருஷன் ஊரிலேயே காலமாகிவிட்டார். தம்பி ஜெர்மனியில். அவன் தமக்கையையும் மருமகனையும் கூப்பிடுவதற்குப் பேப்பர் போட்டிருந்தான். மகன் நிரூபன். பதினெட்டு முடிந்து ஆறு மாதம். கண்ணாடி போட்ட, நடக்கும்போது மதிலோரமாக நடக்கிற பெடியன். அவனை இரண்டு தரம் பிடித்துக்கொண்டு போய் இரண்டு தரமும் அடுத்த நாள்தான் விட்டார்கள். லைசன்ஸ் சோதனையிலும் இரண்டு தரம் பெயில். முதல் தரம் இன்னொரு பரீட்சகர். இரண்டாம் தரம் குணசேகர சேரே.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அவள் கதிரையில் இருக்கவில்லை, நின்றுகொண்டே கதைத்தாள். மகனுடைய அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கையில் வைத்திருந்தாள்.

"அண்ணை, அவன் ஓடவே மாட்டான். எங்களிட்டைக் காருமில்லை, வாங்க வழியுமில்லை. எனக்கு வெள்ளவத்தை விலாசம் போட்ட அந்தக் காட் மட்டும் காணும். பேப்பர் சரிவருமட்டும் இவனை ஒருத்தரும் கொண்டுபோகாமல் இருந்தால் காணும்."

நான் காரணம் கேட்கவில்லை. ஆனால் காரணம் வீட்டுக்கே வந்து நின்றது. உள்ளே இருந்து என் மனைவி, எங்கள் பிள்ளை என்றால் செய்ய மாட்டீர்களா என்று கேட்டாள். பார்ப்பம் என்றேன். எங்கள் ஊரில் பார்ப்பம் என்றால் செய்கிறேன் என்றுதான் அர்த்தம்.

மூன்றாம் தரம் அவனுடைய படிவத்தை நான் அடுத்தவனிடம் தள்ளவில்லை. பட்டியல் எழுதுகிறவரிடம் சொல்லி என் பக்கம் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு நானும் சேர் மாதிரியே இடப்பக்கம் ஏறிக் கதவைச் சாத்திவிட்டுப் பேசாமல் இருந்தேன். நிரூபன் கண்ணாடியையும் தொடவில்லை, சாவியையும் தொடவில்லை. இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தான். பிறகு மெல்லமாக,

"அங்கிள்" என்றான்.

"இஞ்சை அங்கிள் இல்லை. சேர்."

"சேர், எனக்குப் பெயில் போடுங்கோ."

ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். இரண்டு எழுத்து. அதை நான் கேட்கவில்லை.

"விசர்க்கதை கதையாமல் ஸ்டார்ட் பண்ணு."

"என்னாலை அம்மாட்டைச் சொல்ல ஏலாது. நீங்கள் பெயில் போட்டு, இவனுக்குச் சரிவராதெண்டு சொன்னால் அவ கேப்பா. என்ரை கால் எங்கை நிக்குதெண்டு எனக்குத் தெரியிறேல்லை சேர்."

"நீ என்ன, ஓடவோ போறாய்? காட்டை எடுத்துப் பொக்கட்டிலை வை. கொம்மா நிம்மதியாப் படுக்கட்டும். எடு."

எடுத்தான். முற்றத்துக் கம்புகளைப் பிறகு பார்ப்போம் என்று முதலில் அவனை ரோட்டுக்குக் கொண்டுபோனேன். கேற் வாசலால் வெளியே வரும்போது ஒரு ஆட்டோவுக்கு முன்னால் தலையை நீட்டினான். என் கால் அழுத்தியது. ஒன்று. பாடசாலைக்கு முன்னால் ஆட்கள் கடக்கிற மஞ்சள் கோட்டில் ஆள் இறங்கினது தெரியாமல் போனான். இரண்டு. சந்தியில் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தான். மூன்று. அதோடு திரும்பி வந்து இறங்கியிருக்க வேண்டும். நான் முற்றத்துக்குப் போ என்றேன். கம்புகளுக்கு நடுவே பின்னால் எடுத்துக்கொண்டிருக்கும்போது காவலாளி யாருக்கோ விசில் அடித்தான். விசில் கேட்டதும் பெடியனுடைய கால் பிரேக்கில் விழாமல் அக்சிலேட்டரில் விழுந்தது. கார் துள்ளிப் பின்னாலிருந்த கம்பைச் சரித்தது. நாலு.

அவன் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தான். முகத்தில் ஒரு ஆறுதல். சத்தியமாகச் சொல்கிறேன், ஆறுதல்தான். முடிந்தது என்று நினைத்தான்.

பதினாலு பெட்டியிலும் சரி போட்டேன். கையெழுத்து வைத்தேன். "பாஸ். போ" என்றேன். அவன் இறங்கவில்லை. நான் இறங்கி, அவன் பக்கக் கதவைத் திறந்து விட்டேன்.

ஆறு மாதம் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. லைசன்ஸைக் காட்டியதால் இரண்டு தரம் விட்டார்கள் என்று மங்களம் வந்து சொன்னாள். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தாள். நான் வாங்கினேன். சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து அவளுடைய தம்பி வந்தான். பேப்பர் சரிவரப்போகிறது என்ற சந்தோஷம். கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்துக்கு நேர்த்திக்கடன். கோயிலுக்குப் போகிற சைவக்காரரும் செவ்வாய்க்கிழமை அங்கே போவது கொழும்பில் வழமை. கொட்டாஞ்சேனையில் தெரிந்த ஒருவரிடம் போய்வர வான் ஒன்று இரவலாகக் கேட்டான். அதன் சாரதியே கொண்டுவந்து ஒழுங்கைக்குள் விட்டுவிட்டு, வேறு அலுவல் என்று போய்விட்டார். ஜெர்மனி லைசன்ஸ் இங்கே செல்லாது. வெள்ளவத்தை விலாசம் போட்ட லைசன்ஸ் வீட்டில் ஒருவனிடம் இருக்கிறது.

நான் வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் வரும்போது ஐந்து மணி இருக்கும். வான் குறுக்காக நின்றது. பின்சில்லு ஒன்று தண்ணீர் ஓடுகிற கானுக்குள். மதிலில் காரை பெயர்ந்திருந்தது. ஒரு பொம்பிளைச் செருப்பு, ஒன்றுதான், மதிலடியில் கிடந்தது. முன்வீட்டுக்காரர் நடந்ததைச் சொன்னார்.

எங்கள் ஒழுங்கையின் ஒரு முனை றெயில் பாதை, கடல். வாகனம் திருப்ப இடமில்லை. பின்னாலேயே எடுத்துக்கொண்டுபோய்த்தான் காலி வீதியில் ஏற வேண்டும். நிரூபன் மாட்டேன் என்றிருக்கிறான். மாமன் சிரித்துக்கொண்டு, "லைசன்ஸ் என்ன, சாமியறையிலை வைக்கவோ எடுத்தனி?" என்று கேட்டிருக்கிறான். காட் மட்டும் காணும், அவன் ஓடவே மாட்டான் என்று என் வாசலில் நின்று சொன்ன மங்களம், மகன் வான் ஓடுகிற சந்தோஷத்தில் பின்னால் போய் நின்று, வரலாம் வரலாம் என்று கை காட்டியிருக்கிறாள். ஆட்டோ ஒன்று காலி வீதியிலிருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டு உள்ளே திரும்பியது. பெடியன் திடுக்கிட்டான். கால் விழுந்தது.

எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். நான் எண்ணினவன்.

வானுக்கும் மதிலுக்கும் நடுவே அவளுடைய இடது கால். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது.

பொலிஸிலிருந்து கோவை கேட்டுக் கடிதம் வந்தது. அடுத்த நாள் குணசேகர சேர் சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். மேசையில் மூன்று படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். அவருடையதில் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: பின்னால் எடுக்கையில் சத்தம் கேட்டால் வலது கால் தவறுகிறது, இவரை அவசரப்படுத்த வேண்டாம். அந்தக் குறிப்பு என் கையில் இருந்த கோவைக்குள் சோதனை அன்றைக்கும் இருந்தது. நான் புரட்டிப் பார்க்கவில்லை. மூன்றாவது என்னுடைய படிவம். பதினாலு சரி.

"உன் ஒழுங்கையா?" என்று கேட்டார்.

ஓம் சேர் என்றேன்.

"காரணம் கேட்டாயா?"

நான் கேட்கவில்லை, வந்து சொன்னார்கள் என்றேன். தலையை ஆட்டினார். கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை. எனக்கு அது கோபமாக வந்திருந்தால் நல்லது போலிருந்தது.

"கால்?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் பின்சீட்டில் இருக்கவில்லை.

"நாலு" என்றேன்.

படிவங்களை அடுக்கினார். கோவையை மூடி நாடாவைக் கட்டினார். கட்டி முடியும்வரை நான் நின்றேன். அவ்வளவுதான். பொலிஸுக்குக் கோவை போனது. லைசன்ஸ் ஒழுங்காக எடுத்தது, விபத்துத் தற்செயல் என்று முடித்துவிட்டார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேர் எனக்கு எதிராக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னை மல்லி என்று கூப்பிடவில்லை. மிஸ்டர் நடராசா என்றார். இரண்டு வருஷம், அவர் ஓய்வு பெறும்வரை மிஸ்டர் நடராசா. பிரியாவிடை அன்று எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

மங்களம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். மாடிப்படி ஏற முடியாது என்று கீழே ஒரு அறைக்கு மாறியிருந்தார்கள். நான் வாயைத் திறக்க முதலே அவள் சொன்னாள், "நான்தானே அண்ணை கேட்டனான். நீங்கள் என்ன செய்வியள்."

அதற்குப் பிறகு ஒரு மாதம் கழிந்து நிரூபன் எங்கள் கேற்றடிக்கு வந்தான். பின்னேரம், நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கேற்றைத் திறந்தேன், அவன் உள்ளே வரவில்லை. லைசன்ஸை என் கையில் தந்தான். ஒரு மூலை மடிந்திருந்தது.

"நான் கேட்டனான் அங்கிள்" என்றான்.

போய்விட்டான். ஒரே ஒழுங்கையில் இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். ஒருத்திக்குத்தான் கொடுத்தேன்.

தாய்க்குச் சுகமில்லாததால் ஜெர்மனிப் பேப்பர் இழுபட்டு, பிறகு நின்றுபோனது. அவன் தனியாகப் போகவில்லை. காலி வீதியில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அந்த வருஷங்களில் அவனை மறுபடி இரண்டு தரம் கொண்டுபோனார்கள். காட்ட அவனிடம் லைசன்ஸ் இல்லை. அது என் அலுமாரிக்குள் இருந்தது.

நான் அதற்குப் பிறகும் எட்டு வருஷம் சோதனை எடுத்தேன். மூன்றாம் அழுத்தோடு பெயில். தமிழ்ப் பெடியன், சிங்களப் பெடியன், யாராக இருந்தாலும். தாய்மார் வீட்டுக்கு வந்தால் கேற்றைத் திறக்கவில்லை. தமிழனுக்குத் தமிழன் உதவாத பிறவி என்று எனக்கு ஒழுங்கையில் பேர். அப்படி நான் பெயில் போட்ட பெடியன்களில் யாரையாவது காட் இல்லாததால் கொண்டுபோய், யாராவது திரும்பி வராமல் போனார்களா என்று எனக்குத் தெரியாது. அதை ஒருவரும் வந்து எனக்குச் சொல்லப்போவதில்லை. சரியாகச் செய்தேன் என்று நெஞ்சை நிமிர்த்த எனக்கு அதுவும் இல்லை. அதனால்தான் யாராவது வற்புறுத்தலாமா கூடாதா என்று சும்மா கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

மகள் கலியாணம் முடித்துக் கனடா போனாள். பிள்ளைப்பேறு பார்க்க என்று மனைவி போனாள், அங்கேயே இருந்துவிட்டாள். பென்சனுக்காக நான் இங்கே நின்றேன். அவள் அங்கே காலமானபோது எனக்கு விசா கிடைக்கப் பன்னிரண்டு நாள் பிந்திவிட்டது. இப்போது ஒருவருக்கு அரைக் கொத்து அரிசி மூன்று நாளுக்குக் காணும். மங்களமும் காலமாகிவிட்டாள். நிரூபனுக்கு நாற்பது கடந்துவிட்டது. காலையில் எட்டேகாலுக்கு என் கேற்றைத் தாண்டிப் போவான், மதிலோரமாக. நான் வாசலில் நிற்பேன். பார்க்க மாட்டான். ஒரு நாள் பஸ்ஸில் கண்டேன். முன்சீட்டு வெறுமையாக இருந்தது. பின்னால் போய் நின்றான்.

மூன்று ஞாயிறுக்கு முந்தி சுமதி போன் எடுத்தாள். ஞாயிறு காலை, வழக்கமான நேரம். பேரனுக்குப் பதினேழு ஆகிறது. வகுப்புக்குக் கட்டியாகிவிட்டது, போக மாட்டேன் என்கிறான், கூடப்படிக்கிற எல்லோரும் ஓடுகிறார்கள், வெட்கமாக இருக்கிறது என்றாள்.

"உங்களுக்கு அங்கை இருந்து விளங்காதப்பா. இஞ்சை கார் இல்லாட்டிப் பாண் வாங்கவும் ஏலாது. நீங்கள் என்னைத் தள்ளித்தானே பழக்கினீங்கள். நான் அழுதனான்தானே. இப்ப ஸ்னோவுக்குள்ளை வேலைக்குப் போறன். அண்டைக்கு நீங்கள் விட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பன்?"

அவள் சொன்னது உண்மை. அவளைத் தள்ளினது பிழை என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அவளுக்கு நடந்தது அவளுக்கு நடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டுபோய் இன்னொரு பிள்ளையின் தலையில் வைத்தேன். இப்போது அவளும் அதையே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

பேரனிடம் போனைக் கொடு என்றேன். கொடுத்தாள். நான் ஓடு என்று சொல்லுவேன் என்று பக்கத்தில் நின்றிருப்பாள். அவனுடைய தமிழ் உடைந்த தமிழ். ஆனால் விளங்கும்.

"ஏனடா?" என்று கேட்டேன்.

அவனிடம் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குப் பட்டது. எல்லோரும் ஏன் ஓட வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"பயம் அம்மப்பா. பெரிய ரோட். எல்லாரும் கெதியாப் போகினம். என்ரை ஃபிரெண்டுக்கு நடந்தது. அம்மாட்டைச் சொன்னால் அம்மா சிரிக்கிறா."

"உனக்கு இப்ப ஓட விருப்பமோ, விருப்பமில்லையோ?"

"விருப்பமில்லை."

"அப்ப ஓடாதை. பிறகு விருப்பம் வந்தால் அப்ப ஓடு. வராட்டிப் பஸ்ஸிலை போ. நான் எழுபத்தெட்டு வயசு மட்டும் பஸ்ஸிலைதான் போறன்."

சுமதி போனைப் பறித்தாள். உங்களிடம் தந்தது என் பிழை, இவ்வளவு நாளும் சொல்லிச் சொல்லி வைத்திருந்ததைக் கெடுத்துவிட்டீர்கள் என்றாள். நிரூபனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு அவனைத் தெரியும், அந்த வானையும் தெரியும், ஒரே ஒழுங்கையில் இருந்தவள்தானே. கால் அழுத்தினதும் அவன் என்னிடம் கேட்டதும்தான் தெரியாது. வீட்டில் யாருக்கும் நான் சொல்லவில்லை. இதில்தான் முதல் தரம் எழுதுகிறேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மூன்று ஞாயிறாகப் போன் வரவில்லை. காலை ஏழு மணிக்கு மேசையில் அதை வைத்துக்கொண்டு பத்து மணிவரை இருக்கிறேன். பிறகு எழும்பிச் சோற்றுக்கு உலை வைக்கிறேன்.

வரட்டும், வராமல் போகட்டும். பெடியன் பெயில் போடச் சொன்னான். இந்த முறை போட்டேன்.